ஏரிக்குள் விழுந்த மையம்

1

வாசகப் பெருமக்களே, இந்தக் கதை எனக்கு ஒரு சுவரிலிருந்து கிடைத்தது. தெருவிளக்கு கேட்டு மனுக் கொடுக்க நகராட்சிக்குப் போயிருந்தேன். காத்திருந்த அறையில் நகரத்தின் வரைபடம் தொங்கியது. ஏரியைச் சுற்றி வளைந்து கிடந்தது நகரம். ஏரியின் நட்ட நடுவில், எவரும் வாழ முடியாத அந்த நீலத்தில், ஒரு குண்டூசி குத்தியிருந்தது. அருகில் 'மக்கள்தொகை மையம்' என்று எழுதியிருந்தது.

மக்களின் மையத்தில் மக்களே இல்லை! மேடையாக இருந்திருந்தால் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் முழங்கியிருப்பேன். அந்த நீலமோ என்னை முழங்க விடவில்லை. குத்தியது யார் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. தெரியாத அந்தக் கைக்கு ஒரு பெண்ணைப் படைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ஏரியின் மேல் மூடுபனி வெண்பட்டுப் போலப் போர்த்தி—'

(அடித்துவிட்டேன். பட்டு உடுத்தாதவர்களின் கதை இது.)

இரண்டாம் தொடக்கம்: 'அவளுக்கு எண்கள் என்றால் உயிர், உயிர்கள் என்றால்—'

(மேடைத் தந்திரம். கைதட்டலுக்கு எழுதியது.)

மூன்றாவது நிற்கட்டும். அவள் நகராட்சியில் வரைபடம் வரைபவள். ஊருக்கு முதன்முதலாக ஒரு மகப்பேறு ஆம்புலன்ஸ் வரப்போகிறது. அது எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும் புள்ளியை அவள் வைக்க வேண்டும். முறை எளியது. நகரத்தை ஒரு தட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரே எடை. தட்டை எந்தப் புள்ளியில் தாங்கினால் சாயாதோ, அது மையம்.*

வேலை நடுவே அவள் கண்கள் செருகும். அப்போது தட்டு மெல்ல ஆடுவதை உணர்வாள். மணமான பெண் ஒருத்தி பெட்டியோடு அக்கரைக்குப் போகிறாள். நகரம் மயிரிழை அசைகிறது. பிழைப்புத் தேடி ஒரு குடும்பம் பேருந்திலிருந்து இறங்குகிறது, இன்னொரு மயிரிழை. எங்கோ ஒரு முதியவர் மூச்சு நிற்கிறது; தட்டு அவரை மறந்து எதிர்ப்பக்கம் சாய்கிறது. கனவிலும் அவள் கைகள் தட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

* தட்டில் செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே எடை. தட்டுக்கு வெளியே எப்படி என்று என்னைப் பேச வைக்காதீர்கள், கதை நின்றுபோகும்.

3

"என்னம்மா இது? ஏரிக்குள்ள ஆம்புலன்ஸா? மீனுக்குப் பிரசவம் பாக்கப் போறோமா?" என்றார் அதிகாரி.

"கணக்கு அப்படித்தான் சார் வருது."

"கணக்கு நீந்தும், வண்டி நீந்தாதே. பக்கத்துல எந்தக் கரையோ அங்க தூக்கி வை."

மயிரிழை வித்தியாசத்தில் பக்கத்தில் இருந்தது மேற்குக்கரை. அகன்ற தெருக்கள், ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வெளிநாடு போய் ஓய்ந்துவிட்ட வீடுகள். கிழக்குக்கரையிலோ ஆலைக்கு வேலை தேடி வந்த இளம் குடும்பங்கள், ஓர் அறைக்கு ஒரு குடும்பமாய். கரைக்குக் கரை போக ஏரியைச் சுற்றும் ஒரே சாலை. ஆலை லாரிகள் அதை அடைத்துக்கொண்டே இருக்கும்.

"மேற்குக்கரையில யாரு சார் பிள்ளை பெக்கப் போறா? பெக்கிற வயசுல இருக்கிற பொம்பளைங்களுக்கு மட்டும் எடை போட்டுப் பாப்போம். புள்ளி கிழக்கே போகும்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் தங்கச்சி வீடு எந்தக் கரை?"

"...கிழக்கு."

"மாசமா இருக்கால்ல? அக்கா புள்ளி வச்சா, அது உருண்டு போய்த் தங்கச்சி வாசல்ல விழுந்துச்சுன்னு ஊரு பேசும். எனக்கு எதுக்கும்மா வம்பு?"

(இந்த அதிகாரியைக் கொடியவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். வளைந்து கொடுக்க மறுக்கிறார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு எரிச்சலாக இருக்கிறது.)

4

தங்கையின் அறையில் கட்டில் போக மிச்சம் நடக்க மட்டுமே இடம். நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி அவள் சிரித்தாள்.

"இது உதைக்கிற உதைக்கு உன் தட்டு எங்க பக்கமே கவுந்துரும்க்கா."

"பொறக்காததுக்கு எடை கிடையாதுடி. எண்ண மாட்டாங்க."

"நல்லா இருக்கே! வண்டி வர்றதே இதுக்காகத்தான். இதை விட்டுட்டு யாரை எண்ணுறீங்க?"

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் எதிர்வீட்டு அக்காவுக்கு சுத்துச் சாலையிலேயே... பிள்ளை தங்கல. பயமாத்தான் இருக்கு. ஆனா என்னால உன் பேரு கெட வேணாம். நான் எப்படியோ பெத்துக்கறேன், விடு."

5

மறுநாள் அவள் புது எடைகளோடு கணக்கைத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, கிழக்குக்கரையிலிருந்து ஒரு பெண்ணை நீக்கினாள். உடன்பிறந்தவளை ஊரிலேயே இல்லாதவளாக்கினாள். அந்த நொடி ஆலை நெருக்கத்தில் ஓர் அறை வெறுமையானது, கட்டில் மட்டும் கிடந்தது, சிரிப்பில்லை. தட்டு ஆடி, ஆடி, நின்றது.

கிழக்குக் கரையோரத்தில்.

"தங்கச்சிய எடுத்துட்டுமா?" என்றார் அதிகாரி.

"எடுத்துட்டும் சார். அவ இருந்தாலும் அங்கதான், இல்லாட்டியும் அங்கதான்."

அவர் வரைபடத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வாசலில் புது ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"சார், வண்டிய எந்தக் கரைக்கு விடட்டும்?"

6

இந்த இடத்தில் தங்கைக்கு வலி எடுத்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் கை தானாகக் கிழக்கைக் காட்டும். அந்த வரியை எழுதினேன்—

(கிழித்துவிட்டேன்.)

கண்ணீரைக் காட்டி ஒப்புதல் வாங்க மாட்டேன். அவள் தங்கையைக் கணக்கிலிருந்து எடுத்தாள். நான் கதையிலிருந்து எடுக்கிறேன். நிறைமாத வயிறு இல்லை; சிரிப்பு இல்லை; பயந்த குரல் இல்லை. கிழக்குக்கரையில் இப்போது உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அதிகாரி எழுந்து தம் நாற்காலியை உங்கள் பக்கம் தள்ளுகிறார். ஓட்டுநர் சாவியோடு நிற்கிறார்.

உட்காருங்கள். வண்டி எந்தக் கரைக்கு?