வேறு கத்தரி

சலூன்காரரின் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. அதனால்தான் குளியலறை வாஷ்பேசின் அடைத்துக்கொண்டபோது அவ்வளவு தெம்பாக வாயைத் திறந்தார்.

"இந்த வீட்ல முடி இருக்கிறது ஒரே ஒரு தலையிலதான். அது யாருதுன்னு நான் வேற சொல்லணுமா?"

"தாராளமா சொல்லுங்க. முதல்ல அடைப்பை எடுங்க," என்றாள் மனைவி. மூன்று நாளாக அதில் தண்ணீர் இறங்கவில்லை. முந்தைய நாள் பல் தேய்த்த நுரையெல்லாம் குளம் கட்டி நின்றது.

இருபத்திரண்டு வருடமாகக் கடை நடத்துகிறார். இதுவரை தன் வெட்டில் ஒரு ஆள்கூடக் குறை சொன்னதில்லை என்பதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். அந்தப் பெருமையில்தான் மனுஷனின் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மாதம் ஒரு முறை, கடை விடுமுறையன்று, மனைவியை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளளவுக்கு வெட்டிவிடுவதும் அவர்தான். கீழே விரித்த துணியை ஒரு துணுக்கு சிந்தாமல் மடித்துக் குப்பையில் போட்டுவிடுவார். ஊரே மெச்சும் கை தனக்கென்று வாய்த்தது அவள் செய்த பாக்கியம் என்று மனதார நம்பினார்.

அடியில் வாளியை வைத்து, வளைந்த குழாயைக் கழற்றினார். கறுப்பாக, கொழகொழவென்று ஒரு கட்டி பொத்தென்று விழுந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே கொட்டியிருப்பார்கள். இவருக்குத் தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒரு குச்சியை எடுத்துக் கிளறினார்.

தானாக உதிர்ந்த முடியென்றால் ஒரு முனையில் வேர் இருக்க வேண்டும். இதில் பாதிக்கு மேல் இரண்டு முனையும் வெட்டுப்பட்ட துண்டுகள். எல்லாம் ஒரு விரற்கடை நீளம். எலி கடித்த மாதிரி வெட்டு. சத்தியமாக இது தன் கத்தரி இல்லை.

குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"யாரு அவன்?"

"எவன்?"

"மறைக்காத. அந்தத் தெருமூலை சலூன்காரன்தானே? வீட்டுக்கே வரவச்சு வெட்டிக்கிறியா?"

வேறு எந்தத் துரோகமாக இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். வேறு கத்தரியை அவரால் பொறுக்க முடியவில்லை.

மனைவி கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டு, நகம் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்து நீட்டினாள்.

"இதாங்க அவன். நீங்க வெட்டினா இடது பக்கம் எப்பவும் கொஞ்சம் நீளமா நிக்கும். மறுநாள் நீங்க கடைக்குப் போனதும் இங்க நின்னு நானே சரி பண்ணிக்குவேன்."

"எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து."

அவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அவள் கத்தரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கடையில பேசிப் பேசி வாய் ஓஞ்சுதான் வீட்டுக்கு வர்றீங்க. உப்பு கம்மி, உப்பு ஜாஸ்தி. அதுக்கு மேல எங்கிட்டப் பேச்சே கிடையாது. மாசத்துல அந்த ஒரு நாள்தான் என் தலையைப் பிடிச்சுக்கிட்டு வாய் விட்டுப் பாடுறீங்க. கோணல்னு சொன்னா பாட்டு நின்னுடுமே."

அவருக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்திலா அவமானத்திலா என்று அவருக்கே விளங்கவில்லை. குழாயைத் திரும்ப மாட்ட எடுத்தவர், அப்படியே நிறுத்தினார். இருபத்திரண்டு வருடத்துத் தலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"அப்போ கடைக்கு வர்றவங்க?" என்றார் மெதுவாக. "அவங்கள்ல ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லையே?"

"அவங்க வீட்லயும் வாஷ்பேசின் இருக்கும்ல?" என்றாள் அவள்.