முன்பின் மாற்றிய ஜாக்கெட்

சுந்தரம் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான். சின்ன கேஸ் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மாவுப்பால் கலக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தான். குழந்தை குடித்தது. தோளில் போட்டுத் தட்டினான்; ஏப்பம் வந்தது. ஈரத் துணியை மாற்றினான். பழையதை அலசிச் சன்னல் கம்பியில் காயப் போட்டான். சவரம் செய்துகொண்டான். பிறகு தெருவைப் பார்த்தான். செத்தவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நேற்றைவிட அதிகம்.

கிள்ளானில் இந்த ஜவுளிக்கடை மாடிக்கு அவன் வந்தது போன வாரம். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து மோட்டார்சைக்கிளில் புறப்பட்டபோது மூன்று பேர்: அவன், மனைவி நாச்சாள், இன்னும் தவழத் தொடங்காத பெண்குழந்தை. இப்போது இரண்டு பேர். கடிபட்டவர்கள் காய்ச்சலில் கிடந்து சாவார்கள். செத்த சற்று நேரத்தில் எழுவார்கள். நாச்சாள் எழாதபடி செய்ய வேண்டியதைக் கடைக்காரர் யூனுஸ் செய்தார். அப்போது சுந்தரம் குழந்தையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அழவில்லை. இன்னும் அழவில்லை.

ரேடியோ காலையிலிருந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது. கப்பலுக்கு ஆள் ஏற்றும் கடைசி ராணுவ லோரி இன்று மதியம் கிள்ளான் இரயில் நிலையத்துக்கு வரும். அதற்குமேல் லோரி இல்லை. கடையிலிருந்து நிலையம் நடக்கிற தூரம்தான். முன்பெல்லாம் ஒரு சிகரெட் முடிவதற்குள் போய்விடலாம்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான். யூனுஸ் துணிகளைக் கடித்துக்கொண்டிருந்தார்.

தெருவே அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் மனிதர். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தே துணியின் தரம் சொல்லுவார். இப்போது ஒவ்வொரு துணியையும் கையில் சுற்றி, பலங்கொண்ட மட்டும் தன் கையையே கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெல்வெட் ஆகாது தம்பி. பாக்கத்தான் பவுசு. பல்லு வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்குது." கையைக் காட்டினார். பல் தடங்கள் வரிசையாகச் சிவந்திருந்தன. "ஜீன்ஸ் ரெண்டு மடிப்பு தாங்குது. கித்தான் அதைவிட தாங்கும், ஆனா முழங்கை மடங்காது. மடங்காத கைய வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

"என் கையையும் குடுன்னு கேக்குறாரு தம்பி," தையல் மெஷினிலிருந்து அவர் மனைவி ஜுபைதா சொன்னார். "கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு ஆசையா கேக்கலை."

"உன் கை சதைப்பிடிப்பான கை. டெஸ்ட் பண்ண அதான் லா சரி."

"வாயிலயே ஒண்ணு போடுவேன்."

செத்தவர்கள் முதலில் பிடிப்பார்கள், பிறகுதான் கடிப்பார்கள். ஆகவே தொங்குகிற எதுவும் கூடாது. சேலை, கைலி, முந்தானை எல்லாம் தள்ளுபடி. ஜுபைதா முதல்முறையாகக் கணவரின் காற்சட்டையைப் போட்டிருந்தார். தலைத்துணியின் நுனிகளைச் சட்டைக்குள் விட்டுத் தைத்துவிட்டார். கழுத்துக்குப் பள்ளிக்கூடப் பெல்ட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. முழங்காலுக்குக் கீழே டெலிபோன் டைரக்டரியை இரண்டாகக் கிழித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். சுந்தரத்துக்கு ஹெல்மெட்டும் இருந்தது. எல்லாம் போட்டு முடித்தபோது வியர்வை கண்ணில் வழிந்தது. பெரியவர்கள் பாடு ஒருவாறு முடிந்தது.

குழந்தைக்கு ஒன்றுமில்லை.

யூனுஸ் சதுர பிஸ்கட் டின் ஒன்றில் ஆணியால் துளைகள் போட்டு வைத்திருந்தார். உள்ளே துண்டை விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்தார்கள். மூடியைச் சாத்தியதும் அது வீறிட்டது. டின் அந்தச் சத்தத்தை வாங்கி இரண்டு மடங்காக வெளியே விட்டது. அடுத்த கணம் முன்பக்க இரும்புக் கதவில் முதல் அடி விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. ஜுபைதா குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்தார். குழந்தை அடங்கிற்று. கதவு அடங்கவில்லை. நடுவில் பிதுங்கிக்கொண்டு வந்தது.

"பின்பக்கச் சந்துதான் இனி," என்றார் யூனுஸ். அவர் குரலில் கேலி போயிருந்தது.

ஜுபைதாவின் கண் படிக்கட்டுப் பக்கம் ஆணியில் மாட்டியிருந்த நாச்சாளின் மோட்டார்சைக்கிள் ஜாக்கெட்டுக்குப் போயிற்று.

"அது வேண்டாம்," என்றான் சுந்தரம்.

மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள் இந்த ஊரில் ஜாக்கெட்டை முன்பின் மாற்றித்தான் போடுவார்கள். கைகளை முன்னாலிருந்து நுழைப்பார்கள். ஜிப் முதுகுப் பக்கம் திறந்து கிடக்கும். நெஞ்சில் காற்று அடிக்காது, கை வெயிலில் கருக்காது. நாச்சாளும் அப்படியே போட்டுக்கொண்டாள். குழந்தையை நெஞ்சோடு கட்டி அதன்மேல் ஜாக்கெட். இருவருமே அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சவாரிக்கு உடுத்தினார்கள், பல்லுக்கு உடுத்தவில்லை. வழியில் பத்து தீகா என்ற ஊர்ப் பக்கம் கார்கள் அடைத்துக் கிடந்தன. அவன் வேகத்தைக் குறைத்தான். செத்தவர்கள் பின்னாலிருந்து வந்தார்கள். அவள் முதுகில் வெறும் ரவிக்கைதான்.

"அப்படிப் போட்டதாலதான் அவ போனா, அக்கா."

"அப்படிப் போட்டதாலதான் புள்ள இருக்கு."

சுந்தரம் ஆணிப் பக்கமிருந்து விலகி வழிவிட்டான். யூனுஸ் ஜாக்கெட்டை எடுத்துத் தன் கையில் சுற்றிக் கடித்துப் பார்த்தார். "ரெக்சின். உள்ளே பஞ்சு. இறங்கலை."

"நேரா போட்டா புள்ளைக்கு மேல ஜிப் ஏறாது," ஜுபைதா ஜீன்ஸ் துணியை வெட்டிக்கொண்டே சொன்னார். "மாத்தியே போடுங்க. முதுகுக்கு ரெண்டு மடிப்பு ஜீன்ஸ் வச்சு, உடம்புல இருக்கப்பவே தைச்சிடுறேன். அப்புறம் கழட்ட முடியாது. கப்பல்ல போய் அறுத்துக்கலாம்."

கதவின் ஒரு பக்கக் கீல் முனகியது. குழந்தையைக் கைலியால் அவன் நெஞ்சோடு கட்டினார்கள். ஜாக்கெட் அதன்மேல் ஏறியது. காலருக்குக் கீழே குழந்தையின் மூச்சு அவன் தொண்டையில் பட்டது. பின்னால் ஜுபைதா கோணி ஊசியால் வேகமாகத் தைத்தார்.

"குத்திடுச்சா தம்பி?"

"தெரியலை."

"நாச்சாள் கடைசியா என்ன சொல்லுச்சு?" ஊசி நிற்கவில்லை. அவனைப் பேச வைக்கத்தான் கேட்டார்.

"பாப்பாவைப் பத்திரமா பாத்துக்கச் சொன்னா."

டெலிபோன் வேலை செய்த கடைசி நாளில் மாமியாரிடமும் அதையேதான் சொல்லியிருந்தான்.

"தாய்மனசு," என்று நூலைப் பல்லால் அறுத்தார் ஜுபைதா.

யூனுஸ் துணி அளக்கும் இரும்புக் கஜக்கோலை எடுத்துக்கொண்டார். பிஸ்மில்லா சொல்லிப் பின்கதவைத் திறந்தார்.

சந்தின் வெயிலில் கண் கூசியது. நடந்தார்கள். ஓடினால் சத்தம் வரும். குப்பைத் தொட்டியைத் தாண்டும்போது அதன் பின்னாலிருந்து ஒன்று எழுந்து சுந்தரத்தின் முதுகில் விழுந்தது. கனமாக இருந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே பல் பதிந்தது, அரைத்தது, ஜீன்ஸைக் குதறியது. திரும்பி அடிக்கலாம். திரும்பினால் நெஞ்சு அதன் பக்கம் வரும். அவன் திரும்பவில்லை. இரண்டு கைகளையும் குழந்தைமேல் கட்டிக்கொண்டு குனிந்து நின்றான். பத்து தீகாவில் நாச்சாள் ஏன் திரும்பவில்லை, ஏன் ஒரு கையைக்கூட எடுக்கவில்லை என்று அப்போது அவன் உடம்புக்குத் தெரிந்தது.

கஜக்கோல் இரண்டு முறை இறங்கியது. கனம் நழுவியது. ஜுபைதா அவன் முதுகைத் தடவிப் பார்த்தார். "தையல் விடலை. ரத்தம் இல்லை. நடங்க, நடங்க!"

நிலையத்தின் பக்கமிருந்து லோரியின் ஹாரன் கேட்டது. இப்போது ஓடினார்கள். டைரக்டரி ஒரு காலிலிருந்து அவிழ்ந்து தாள் தாளாகப் பறந்தது. அவன் கண்ணிலிருந்து ஏதோ வழிந்து ஹெல்மெட்டுக்குள் இறங்கியது. வியர்வை என்று நினைத்தான். அது நிற்கவில்லை.

பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும்படி நாச்சாள் சொல்லவே இல்லை. காய்ச்சலில் கிடந்தவள் குழந்தையின் உடுப்பைக் கழற்றிப் பார்க்கச் சொன்னாள். விரலிடுக்கு, காது மடல், குதிகால் என்று எல்லாம் பார்த்தான். பல் படவில்லை என்றான். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். பார்த்தான். எங்குமே படவில்லை என்றான். அவள் தலையைத் திருப்பி, தரையில் கிடந்ததைப் பார்த்தாள்.

"அப்ப அது நல்ல ஜாக்கெட்தாங்க. ரத்தம் பட்டுடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க."