அக்கா சொன்ன வரி

சின்னவள் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே வாழ்த்து அட்டைகளும் பெயர் எழுதிய நோட்டுகளும் செய்யத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. சாப்பாட்டு மேசைதான் பட்டறை. ஒரு பக்கம் காகிதக் கட்டும் உலர்ந்த பூக்களும், மறுபக்கம் பசை டப்பா, நடுவில் குடும்பம் சாப்பிட ஒரு முழ இடம். "சோத்துல பூ ஒட்டாம இருந்தா சரி" என்பான் கணவன்.

அவளுடைய அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உறை மடித்துக் கொடுப்பாள். "நீ மடிச்சதெல்லாம் உன்ன மாதிரியே கோணல்டி" என்று சொல்லிக்கொண்டே ஒரு கட்டை முடித்துவிடுவாள்.

ஒரு வகை அட்டையை மட்டும் அக்கா பார்த்ததில்லை. அவள் வருவதற்கு முன்பே சின்னவள் அவற்றை அள்ளிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள்.

அவை இரங்கல் அட்டைகள். முதன்முதலாக ஒருவர் கேட்டபோது 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதிப் பார்த்தாள். பத்திரிகை விளம்பரம் மாதிரி இருந்தது. நாலைந்து தாள் வீணான பிறகுதான் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது.

ஆறு வருடத்துக்கு முன், அக்காவின் ஆண் குழந்தை பிறந்த பதினோராம் நாள் இறந்துபோனது. வீடு நிறைய ஆட்கள். ஆளாளுக்கு அழாதே, அழாதே என்றார்கள். அக்கா தங்கையைக் குளியலறைக்குள் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். "நீயாவது அழாதேன்னு சொல்லாதடி. இப்போதைக்கு என்னையும் அவனையும் சேர்த்து வெச்சிருக்கறது இந்த அழுகை ஒண்ணுதான்." வேறு யார் காதிலும் அது விழவில்லை, அத்தான் காதில்கூட.

அட்டையில் அது இப்படி ஆனது: 'அழாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். உங்களையும் போனவரையும் சேர்த்து வைத்திருப்பது இப்போது அந்த அழுகைதான்.' பக்கத்தில் ஒரு உலர்ந்த வெள்ளைப் பூ.

ஒரு தடவைதானே என்று நினைத்தாள். ஆனால் வாங்கியவர் இன்னொருவரிடம் சொல்ல, "அந்த அழுகை அட்டை இருக்கா?" என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பாள். தலை குனிந்து உறை மடிக்கும் அக்காவைப் பார்த்ததும் நாக்கு எழாது.

ஒரு புதன்கிழமை மாலை அக்கா வேலையிலிருந்து நேராக வந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"எங்ககூட ரத்தம் எடுக்கற பொண்ணோட வீட்டுக்காரர் தவறிட்டாரு. எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு அட்டை குடுத்தோம்."

சின்னவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"நீ 'ழ'வுக்கு வால் சுழிப்பியே, அதைப் பாத்ததும் சிரிச்சுட்டேன், நம்ம சின்னவ அட்டைன்னு. அப்புறம்தான் படிச்சேன்."

"அக்கா..."

"கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க, போடாம என்ன பண்றது? அவ என் தோள்ல சாஞ்சுகிட்டு, இதை எழுதினவங்க பட்டவங்களாத்தான் இருக்கணும்னா. நான் என்ன சொல்லட்டும்?"

"ஆறுதலா இருந்துச்சுன்னுதானேக்கா அர்த்தம்..." சொல்லி முடிக்கும் முன்பே அந்தப் பேச்சு சின்னவளுக்கே கூசியது.

"எத்தனை போட்ட?"

"அஞ்சாறு." அக்கா அவளையே பார்த்தாள். "நாப்பது இருக்கும்" என்றாள் சின்னவள்.

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "அன்னைக்கு நான் சொன்னப்ப, நீ என்னோட இருந்தியா? இல்ல, நல்லா இருக்கேன்னு மனசுல எழுதி வெச்சுகிட்டியா?"

உன்னோடுதான் இருந்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அன்று அவளும் அழுதாள், அது பொய்யில்லை. ஆனால் அந்த வரி ஒரு எழுத்துப் பிசகாமல் ஆறு வருடம் உள்ளே இருந்திருக்கிறதே. திறந்த வாயில் வேறு பேச்சுதான் வந்தது.

"இனிமே போடல. இருக்கறதெல்லாம் கிழிச்சுடறேன்."

"கிழிச்சா? குடுத்த நாப்பது வீட்டுக்கும் போய்த் திருப்பிக் கேப்பியா?" அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஞாயிறு வந்தது, அக்கா வரவில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. போன் செய்வாள், ஒழுகிய குழாயைச் சரி செய்தாயிற்றா என்று விசாரிப்பாள். தன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். "நீ எப்படிக்கா இருக்க?" என்றால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று முடித்துவிடுவாள். சின்னவள் கோணல் கோணலாக உறை மடித்துக்கொண்டு, குளியலறைக்குள் தன்னை மட்டும் அழைத்துப் போன அந்தக் கையை நினைத்துக்கொள்வாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் போன் செய்தாள். அவளுடைய தோழியின் குழந்தை பிறந்து நாலே நாளில் போய்விட்டதாம். அந்த அட்டைதான் வேண்டும் என்றாள். இப்போது அது இல்லை என்று சொன்ன சின்னவள், தோழியின் விலாசத்தை மட்டும் குறித்துக்கொண்டாள். பிறகு அக்காவுக்குப் போன் செய்து, அந்தப் பெண் கேட்டதை மறைக்காமல் சொன்னாள்.

அக்கா கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"வெறும் அட்டை ஒண்ணு எடுத்து வை. பூ கீ எதுவும் ஒட்டாத. நான் வரேன்."

அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேசை முன் உட்கார்ந்தாள். தங்கைக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டு எழுதினாள். நடுவில் இரண்டு முறை பேனாவை வைத்தாள். முடித்ததும் தானே உறையிலிட்டு, தானே ஒட்டினாள்.

"விலாசம் மட்டும் நீ எழுது."

சின்னவள் எழுதினாள். என்ன எழுதினாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று தெரிந்திருந்தது. அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "வரேண்டி" என்று கிளம்பினாள். சின்னவள் தெருமுனை வரை கூடவே நடந்தாள்.