ஃப்ளெக்ஸுக்குப் பின்னால்

ஃப்ளெக்ஸ் கட்ட இடம் போதவில்லை என்று பிணத்தை நகர்த்தினார்கள். அய்யம்மாள் கிடந்த ஐஸ் பெட்டியை நாலு பேர் தூக்கி, வேப்பமரத்தடியிலிருந்து வெயில் பக்கமாகத் தள்ளிவைத்தார்கள். நிழலில் ஃப்ளெக்ஸ் எழுந்து நின்றது. பத்தடிக்கு எட்டடி.

மகள் சுகிர்தாவுக்கு அதைத் தொழில்காரக் கண்ணோடு பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் வடிவமைப்பது அவள் வேலை. சபைச் செயலாளர் ராஜபாண்டியன் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். கழுத்துச் சுருக்கம் அத்தனையும் துடைத்து, பல்லுக்கு வெள்ளை ஏற்றியிருந்தார்கள். பாஸ்டர் அவருக்குக் கீழே, பாதி அளவில். அம்மா மூலையில், ரேஷன் கார்டுப் படத்திலிருந்து வெட்டியெடுத்த மட்டுக்கு, ஒரு அதிரசம் அளவில் இருந்தாள். பக்கத்தில் 'ஈகையின் சிகரம் எஸ்தர் அம்மையார்' என்று எழுதியிருந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த அந்தப் பெயரில் முப்பது வருஷமாக ஒருவரும் அவளைக் கூப்பிட்டதில்லை. பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிற இடத்திலும் சபையில் பாய் சுருட்டுகிற இடத்திலும் அவள் அய்யம்மாதான்.

"எப்பிடி இருக்கு?" ராஜபாண்டியன் வந்து நின்றார். அவர் வருவதற்கு முன்பே அவர் சென்ட் வந்திருந்தது.

"பெருசா இருக்கு அண்ணாச்சி."

"பிரதர்னு சொல்லுங்க சிஸ்டர். கர்த்தருக்குள்ள எல்லாரும் சமந்தான." சொல்லிவிட்டு, தனக்குப் போட்ட நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதைக் கண்டு முகம் மாறினார்.

மணி ஒன்றரை. உள்ளே அலமாரியில் அம்மாவின் தூக்குச்சட்டி கவிழ்ந்திருந்தது. நேற்று இந்நேரம் ஆண்டிச்சாமிக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்து, அதைக் குழாயடியில் கழுவிக்கொண்டே, "நாளைக்கு இன்னுங் கொஞ்சம் குழைய வடிக்கணும். அவனுக்கு முழுங்க முடியல" என்றாள். சட்டியைக் கவிழ்த்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்புட்டுத்தான்.

ஆண்டிச்சாமி அவளோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் மருந்துக் கலவை அறை வெடித்ததில் வெந்துபோனான். இரண்டு கையிலும் விரல்கள் ஒட்டிக்கொண்டன. கீழுதட்டைக் கழுத்துத் தோல் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். மல்லாங்கிணற்றில் தாய்வீட்டுக்குப் போன பெண்டாட்டி திரும்பவில்லை. காலையிலும் சாயங்காலமும் பக்கத்து வீட்டில் கொடுக்கும் டீயைக் குழல் போட்டு உறிஞ்சுவான். சோறு மத்தியானம் ஒரு வேளைதான், அதுவும் அய்யம்மாள் ஊட்டினால்தான். அரைக் கும்பா சோற்றை மென்று இறக்க அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

சுகிர்தா ஒரே ஒரு தடவை கூடப் போயிருக்கிறாள். சோறும் எச்சிலும் தாடையில் வழிந்ததைப் பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. வாசலுக்கு ஓடினாள். திரும்பி வரும் வழியில் அம்மா திட்டவில்லை. "வாயப் பாத்தா அவனுக்குக் கூச்சமா இருக்கும்டி. நான் செவத்தத்தான் பாப்பேன். அந்தச் செவத்துல எத்தன பல்லின்னு எனக்கு மனப்பாடம்" என்றாள்.

எத்தனை பேரைக் கர்த்தரிடம் கொண்டுவந்தோம் என்று சபையில் மாதாமாதம் ஆத்தும ஆதாய அறிக்கை கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாத அம்மாவுக்குச் சுகிர்தாதான் நிரப்பிக் கொடுப்பாள். செய்த ஊழியம்: சோறு கொடுத்தல். ஆதாயமான ஆத்துமாக்கள்: சைபர். போன வருஷக் கூட்டத்தில் ராஜபாண்டியன் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "அஞ்சு வருசமாச் சோறு போட்டும் அந்தாளு இன்னும் நெத்தி நிறையத் திருநீறு பூசிட்டுத்தான் திரியுறாரு. சோறு போட ஓட்டல் இருக்கு சிஸ்டர்." சபை சிரித்தது. அம்மாவைப் பெண்கள் ஐக்கியத்திலிருந்து எடுத்தார்கள். பாய் சுருட்டுகிற வேலையை மட்டும் எடுக்கவில்லை.

அதே வாய் இப்போது மைக்கில் ஈகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு முருகம்மாள் வந்து காதில் கிசுகிசுத்தாள். "ஏ சுகிர்தா, ஆண்டிச்சாமியக் கூட்டியாரக் கார் போயிருக்காம். ஒங்கம்மாவால அவரு மனந்திரும்பிட்டாராம். சாட்சி சொல்லப் போறாராம்."

"யாரு சொன்னா?"

"செயலாளரு சொன்னாரு. ஆண்டிச்சாமிக்குத் தெரியுமான்னு தெரியல."

"சாப்பிட்டாரா?"

"அத யாரு கேட்டா?"

சுகிர்தா எழுந்து போனாள். பேச்சு முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ராஜபாண்டியனிடம், "அண்ணாச்சி, அவரு நேத்து மத்தியானம் சாப்பிட்டதோட சரி" என்றாள்.

"மொதல்ல சாட்சி சிஸ்டர், அப்புறம் சாப்பாடு. மூணு மணிக்குப் பெட்டி எடுக்கணும். வீடியோக்காரனுக்குச் சாத்தூர்ல ஒரு நிச்சயதார்த்தம் வேற இருக்கு."

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. சுகிர்தா தூக்குச்சட்டியை எடுத்துவந்து முருகம்மாள் கையில் கொடுத்தாள். "அக்கா, ஒங்க வீட்டுல ஒரு ஒழக்கு அரிசி வடிச்சுத் தாரீகளா? நல்லாக் குழையணும்."

கார் வந்தது. ஆண்டிச்சாமிக்குப் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். திருநீற்றைத் துடைத்திருந்தார்கள். வெந்த கை வீடியோவில் தெரிய வேண்டும் என்று சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தார்கள். அவனைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்த ராஜபாண்டியன், காமிரா மறுபக்கம் திரும்பியதும் கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக.

ஆண்டிச்சாமி ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் ஒட்டிய விரல்களை வைத்துக்கொண்டு நின்றான். மைக் அவன் வாய்க்கு நீண்டது.

"சொல்லுங்க பிரதர். எஸ்தர் அம்மா ஒங்ககிட்ட யாரப் பத்திச் சொன்னாக?"

"யாரு எஸ்தரு?"

"இவுகதான், இவுகதான்! என்ன சொன்னாக?"

"அக்காவா? ஒண்ணுஞ் சொல்லமாட்டாக. கேக்கத்தான் செய்வாக."

"ஆங்! என்ன கேட்டாக? கர்த்தர ஏத்துக்கிடுதியான்னு கேட்டாகளா?"

"உப்புப் பத்துமான்னு கேப்பாக."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்து, சட்டென்று அதை அழுகையாக மாற்றினார்கள். ராஜபாண்டியன் ஒரு நொடிதான் தடுமாறினார். மைக்கைப் பிடுங்கினார். "உப்பு! கேட்டியா சபையே, உப்பு!" என்று, 'நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்' வசனத்தைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் தொடங்கினார். பாஸ்டர் எழுந்தார், உட்கார்ந்தார். உப்பு போய்க்கொண்டே இருந்தது.

முருகம்மாள் சட்டியோடு வந்துவிட்டாள். சுகிர்தா ஆண்டிச்சாமியின் முழங்கையைத் தொட்டாள். "வாங்க மாமா, சாப்பிடுவோம்."

அவன் சுற்றிலும் பார்த்தான். வீட்டுக்குள் பெண்கள் நெருக்கியடித்து இருந்தார்கள். வாசலெல்லாம் நாற்காலி. "இங்கன வேணாம் தாயி. ஆளுக பாக்காக."

அவளும் பார்த்தாள். அந்த வளவில் மறைவு என்று ஒரே ஒரு இடம்தான் இருந்தது.

ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு அவனை உட்கார வைத்தாள். சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டாள். சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையை அவன் வாயில் வைத்தாள். எச்சில் அவள் விரலில் பட்டது. குமட்டல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. விழுங்கினாள். சட்டென்று கண்ணைத் திருப்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். சாய்ந்த வெயில் அந்தப் பக்கம் அடிக்க, ராஜபாண்டியன் இடம் வலம் மாறித் தெரிந்தார். பல் மட்டும் இங்கேயும் வெள்ளையாக இருந்தது.

இரண்டாவது உருண்டைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை.

"என்ன மாமா?"

அவன் தயங்கினான். "உப்புப் போடலியோ தாயி?"

மைக்கில் உப்பைப் பற்றி ஒன்பதாவது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. சுகிர்தா ஃப்ளெக்ஸ் ஓரமாகத் தலையை நீட்டினாள். "முருகம்மாக்கா, கொஞ்சம் உப்பு எடுத்தாங்க."

ஜெபம் முடிந்தது. பாட்டு முடிந்தது. அம்மாவை ஐஸ் பெட்டியிலிருந்து சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். வண்டிக்காரன் இஞ்சினைப் போட்டான். பாஸ்டர் மைக்கில் கூப்பிட்டார். "மூடப்போறோம். மக வந்து கடைசி முத்தம் குடுக்கட்டும்."

மகளைக் காணவில்லை. மகள் முத்தம் கொடுக்காமல் மூடி போட முடியாது. தேடினார்கள். கடைசியில் ராஜபாண்டியனே ஃப்ளெக்ஸைச் சுற்றி வந்தார்.

"சிஸ்டர், மணி மூணு இருவது! அங்க எல்லாரும்..."

"இருங்க அண்ணாச்சி. மாமா மென்னுக்கிட்டு இருக்காரு."

"இப்பமா?"

"அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க. பாத்தா அவருக்கு எறங்காது."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். சோற்றுக் கையோடு அவள் பார்த்த பார்வையில் திரும்பி, தன் படத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

பெட்டி தூக்க நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். வண்டிக்காரன் இஞ்சினை அணைத்தான். சத்தமெல்லாம் அடங்கியதும் ஆண்டிச்சாமி மெல்லுவது மட்டும் கேட்டது.

ஃப்ளெக்ஸின் பின்புறம் ஒரு கட்டெறும்பு, கூப்பிய கையிலிருந்து கிளம்பி மேலே போய்க்கொண்டிருந்தது. சுகிர்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பல்லைத் தாண்டி மீசைக்குப் போனபோது, அடுத்த உருண்டையை உருட்டினாள்.