ஆனைவயிற்றுப் பாறையில் பக்கவாட்டில் நின்றவன்

எழுபத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம் முதல் கருத்தக்கண்ணன் ஆனைவயிற்றுப் பாறையில் பக்கவாட்டில் நின்றான். சுவரில் அடித்த ஆணி எப்படி நிற்குமோ அப்படி: பாதம் பாறையில், தலை மேற்கே செக்கானூரணிப் பக்கம். அந்த வாரம் வெங்காய விலை ஏறியிருந்ததால் ஊரில் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

அந்த ஊரில் பெண் எடுக்கிறவன் கார்த்திகையன்று பாறை உச்சியில் விளக்கு வைத்தால்தான் தாலி கட்டலாம். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கிழக்குப் பக்கம் படி மாதிரி சரிவு இருந்தது. தொந்தி போட்ட மாப்பிள்ளைகள்கூட வெற்றிலை மென்றபடி ஏறி இறங்கினார்கள். எழுபத்திரண்டில் ஊர் கூடிக் காவல் சாமிக்கு இடம் தேடியது. எங்கெங்கோ தேடி, கடைசியில் அந்தச் சரிவின் அடியிலேயே சிலையை நட்டுக் கும்பாபிஷேகமும் செய்துவிட்டது. சாமி தலைக்கு மேலே காலைத் தூக்கி வைத்து ஏறலாமா? கூடாது. சாமியை நகர்த்தலாமா? நாக்கு அழுகிவிடும். வழக்கத்தை விட்டுவிடலாமா? அப்படிக் கேட்டவனுக்கு மறுநாள் முதல் டீக்கடையில் டீ கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது மேற்குப் பக்கம்: ஆள் உயரத்துக்கு மேல் வயிறு தள்ளி நிற்கும் வழவழப்பான பாறை, பல்லியே யோசித்துத்தான் ஏறும். அதற்கப்புறம் ஊரில் கல்யாணமே நடக்கவில்லை. பக்திக்குக் குறைவில்லை.

கருத்தக்கண்ணனுக்கு மாமன் மகள் மாயக்காளைத்தான் கட்டவேண்டும், அவளுக்கும் அவனைத்தான். அதற்காகத் தினமும் பாறையில் தொங்கினான். இடது கை விரிசலில், வலது கால் எலுமிச்சம்பழ அளவு முண்டில். அடுத்த கால் எங்கே என்பதுதான் கேள்வி. அது பாறையில் தொங்கியவனைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முருங்கை மரம்கூட ஏறாத விருமாண்டி கீழே நின்று, "மாப்ள, எடது கால அந்தப் புடைப்புல வையி, அம்புட்டுத்தான்!" என்பார். வைப்பான், விழுவான். "நான் சொன்ன மாதிரி வைக்கலையே" என்று விருமாண்டி கவலைப்படுவார்.

திருநகரிலிருந்து வீட்டுமனை பார்க்க ஸ்கூட்டரில் வந்த சுப்பராமன், கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர், இந்தக் கூத்தைப் பார்த்து நின்றார். "நேருக்கு நேரா நிக்காதே தம்பி. திரும்பி, இடுப்பைப் பாறையோட ஒட்டிக்கோ. குதிகாலை மேல விளிம்பில மாட்டு. அப்புறம் எங்கே போகணும்னு உன் எடையே முடிவு பண்ணிக்கும்" என்றார்.

கருத்தக்கண்ணன் இடுப்பைத் திருப்பி ஒட்டினான், குதிகாலை மாட்டினான். எடை கொஞ்சம் யோசித்துவிட்டு, இனிமேல் பாறைதான் தரை என்று முடிவு பண்ணியது. அவன் நிதானமாக எழுந்து நின்றான். வேட்டி, வேர்வை எல்லாம் பாறையைப் பார்த்துத் தொங்கின. சுப்பராமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கொள்கை அளவில் சரிதான்" என்று ஸ்கூட்டரை உதைத்தார்.

"ரெண்டு எட்டுதான் மாப்ள, நடந்து போ!" என்று கத்தினார் விருமாண்டி.

"போக முடியல மாமா, அங்கிட்டுப் பாதாளமா இருக்கு!"

அவனுக்குப் பாறைதான் தரை என்பதால் உச்சியின் விளிம்பு கிடுகிடு பள்ளத்தின் ஓரமாகிவிட்டது. கால் தவறினால் கிழக்கு நோக்கிக் குப்புற விழுந்துகொண்டே போய் மதுரைக் காளவாசல் ஜங்ஷனில்தான் நிற்கவேண்டும். கீழே இறங்கலாமென்றால் ஊர் ஒரு செங்குத்துச் சுவராக எதிரே நின்றது. இரண்டு கார்த்திகை இப்படியே போனது. மாயக்காள் தொரட்டிக் கம்பில் தூக்குச்சட்டியை மாட்டி நீட்டுவாள். பாதி உயரத்தில் கஞ்சி தானாகவே சாய்ந்துகொள்ளும்.

எழுபத்தேழாம் வருஷக் கார்த்திகையன்று அவள் சேலையை வரிந்து கட்டி, அகலையும் எண்ணெய்க் குப்பியையும் தீப்பெட்டியையும் மடியில் செருகிக்கொண்டு விரிசலில் கை வைத்தாள். அவளுடைய அப்பா பேயாண்டி பதறிப்போனார். "அடியே எறங்கு! மாப்பிள்ளதான் ஏறணும்!"

"மாப்பிள்ள மேலதானப்பா நிக்கிறாரு. நீங்க கட்டிவைக்கிறதுக்குள்ள நான் கெழவி ஆகிருவேன். நான் போறேன்."

அவன் விழுந்ததையெல்லாம் பார்த்தவளுக்கு, எங்கே கால் வைக்கக்கூடாது என்பது நன்றாகத் தெரியும். முண்டு, விரிசல், இடுப்பு, குதிகால். அவள் எடை யோசிக்கக்கூட இல்லை. அவன் பக்கத்தில் போய் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு அவனைக் குப்புறப் படுக்க வைத்து, கெண்டைக்காலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் விளிம்புக்கு அப்பால் தலையை நீட்டினான்.

"காளவாசல் தெரியுது புள்ள."

"அத ஏன் மச்சான் பாக்குற? வெளக்கப் பாரு. நான் விடமாட்டேன்."

அவள் எண்ணெய் ஊற்றி நீட்டிய அகலை உச்சியில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தான். விளக்கு ஊர் வழக்கப்படி நேராகவே எரிந்தது.

தை மாதத்தில் பாறையின் மேலேயே கல்யாணம். இரண்டு பேருக்கும் கீழே இறங்க வழியில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாம்பாரில் உப்புக் குறைவு என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. கருத்தக்கண்ணன் கட்டிய தாலி, பாறையைப் பார்த்துத் தொங்கியது. மகள் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்யப் பேயாண்டி ஏணி வைத்துப் பார்த்தார், எட்டவில்லை. கீழே நின்று அரிசியை வீசினார். அது பாதி தூரம் ஏறி, சற்றே தயங்கி, பக்கவாட்டில் திரும்பி அவர்கள் தலையில் சரியாக விழுந்தது. மாயக்காள் சிரித்தாள். பேயாண்டி அழுதார், அவர் கண்ணீர் மட்டும் வழக்கம்போல் கீழேதான் விழுந்தது.