நோலீன் பார்க்காத கடைசிப் பக்கம்

பர்னி ஊர் வானொலியில் வெள்ளிக்கிழமை காலைதோறும் ரோண்டாவும் நோலீனும் புது நாவல்களைப் பிரித்து மேய்வார்கள். காதல் கதைகள் ரோண்டாவுக்கு, திகில் கதைகள் நோலீனுக்கு. நாயகி அழுமூஞ்சியாக இருந்தால் இருவருக்குமே ஆகாது. ஆனால் நோலீன் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாள்.

"வெக்கமா இல்லடி உனக்கு? முடிவத் தெரிஞ்சுகிட்டப்புறம் என்னடி திகிலு?" என்று ரோண்டா மைக் முன்னாலேயே திட்டுவாள்.

"கடைசில அவ உயிரோட இருக்காளான்னு பாத்துட்டுத்தான் நான் அவகூடப் பழகுவேன். செத்துப்போறவகூட எனக்கென்னடி சிநேகிதம்?" என்பாள் நோலீன், லாமிங்டன் கேக்கை மென்றபடி.

குளிர்காலத்தில் நோலீன் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். புத்தகத்தைத் தூக்கவும் தெம்பில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு வந்திருந்த திகில் நாவலை ரோண்டாவே படித்துக் காட்ட உட்கார்ந்தாள். தோழியின் பழக்கம் தெரியுமாதலால் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

"வேணாம்டி. இந்தத் தடவ மொதல்லேர்ந்து படி," என்றாள் நோலீன்.

"இப்பவாவது புத்தி வந்துச்சே," என்று சிடுசிடுத்துவிட்டு ரோண்டா முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

பாதிக் கதையில், கொலைகாரன் ஒளிந்திருக்கும் வீட்டுக் கதவை நாயகி திறக்கும் இடத்தில், நோலீன் கண்ணயர்ந்தாள். பிறகு விழிக்கவேயில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ரோண்டா தனியாகப் பேசினாள்.

"அந்தப் பொண்ணு கதவுல கைய வச்சுகிட்டு நிக்கறா. உயிரோட இருக்கா. அதுக்கு மேல நான் படிக்கல, படிக்கவும் மாட்டேன். அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் போன் பண்ணிச் சொல்லித் தொலைக்காதீங்க."