தீவு தன் பெயரைச் சொல்லும் நேரம்

கடல் உள்ளே வருமுன் கதவைத் தட்டாது என்பது எனக்குத் தெரியும். என் மனைவி உள்ளே வந்தால் கதவை அறைந்து சாத்துவாள் என்பதைத்தான் யோசிக்கவில்லை. இரண்டும் ஒரே மாலையில் நடந்தன.

கழிமுகத்துக் கரையின் அடியில் ஒரு பழைய மதகறை உண்டு. கடல்நீர் ஊருக்குள் ஏறாமலிருக்க ஒரு காலத்தில் அங்கே பலகை இறக்குவார்கள். புது மதகு வேறிடத்தில் வந்த பிறகு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கரையிலிருந்து சில படிகள் இறங்கினால் இரும்புக் கதவு. உள்ளே நாலு பேர் நெருக்கிக்கொண்டு நிற்கலாம். நடுவில் பலகையை ஏற்றி இறக்கும் திருகுத் தண்டு, என் தொடை கனத்தில், மரை மரையாகத் துருவேறி நின்றது. கடல் பக்கச் சுவரில் கையகலக் கம்பிச் சன்னல் ஒன்று.

நான் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன். மத்திய அலையில் தூர தேசத்து வானொலிகளைப் பிடிப்பது எனக்கு வியாதி. பகலில் மத்திய அலை பக்கத்து ஊரைத் தாண்டாது. பொழுது சாய்ந்ததும் வானத்தின் மேல்தட்டு கண்ணாடி மாதிரி ஆகி, ஜப்பானையும் கொரியாவையும் ஆஸ்திரேலியாவையும் நம் காதுக்குத் திருப்பிவிடும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து கேட்க முடியாது. மிக்ஸி, பல்பு, செல்போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றும் வானொலிக்குள் ஒரு வண்டை அனுப்பிவைக்கும். மதகறையில் மின்சாரமே கிடையாது. சன்னல் வழியாக நீளக் கம்பி ஒன்றைக் கடல் பக்கத்துப் புதர்களின் மேல் இழுத்துவிட்டிருந்தேன். வானொலிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி. அவ்வளவுதான். ஜப்பான்காரி செய்தி வாசித்தால் அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். ஒருநாள் அவள் தும்மினாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இப்படி ஓர் இடம் கிடைத்தால் எங்கள் வானொலிக் கூட்டத்தில் எவனும் வெளியே மூச்சு விடமாட்டான். குறிப்பாக விசிலிடம் நான் விடமாட்டேன். விசில் என்பது என் மனைவியின் அண்ணன். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், கழியின் வளைவில் வீடு. எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம், ஒரே இரை. பசிபிக் கடலில் ஒரு துக்கடாத் தீவு. அதன் நிலையம் எங்கள் அந்தி நேரத்தில் சற்று நேரம் மட்டும் எட்டிப் பார்க்கும். பாட்டுப் போடும். மணி முடிந்து அடுத்த மணி தொடங்கும்போது ஒரே ஒரு தடவை தன் பெயரைச் சொல்லும். பெயரைக் காதால் கேட்டால்தான் பிடித்ததாகக் கணக்கு. பாட்டை இருவரும் கேட்டிருந்தோம். பெயரை இருவருமே கேட்டதில்லை.

ஆகவே, காய்ச்சலில் கிடக்கும் ஒரு நண்பரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மதகறைக்கு வந்துவிடுவேன். அந்த நண்பருக்கு மாதக்கணக்காகக் காய்ச்சல் கொடுத்துக்கொண்டிருந்தேன். செல்போனை எடுத்து வருவதில்லை, அதுவும் வானொலிக்குள் இரையும்.

அன்று பௌர்ணமி. காற்று கரையைப் பார்த்து அடித்தது. வெயில் தாழ்ந்திருந்தது. கதவு திறந்தது.

"காய்ச்சல்காரர் எங்க?" என்றாள் மனைவி. என் பின்னாலேயே வந்திருக்கிறாள். கையில் செல்போன்கூட இல்லை, குடைதான் இருந்தது.

"இப்பதான் எழுந்து போனார்."

"இந்தப் பொந்துலதான் படுத்திருந்தாரா? பொய் சொல்றதுக்கும் ஒரு லட்சணம் வேணாம்?" என்று சொல்லி, கரையில் போகிறவர்கள் காதில் விழக்கூடாதென்று கதவை இழுத்து அறைந்தாள். எங்கள் வீட்டில் சண்டை என்றால் கதவு சாத்தித்தான் நடக்கும். அது மரியாதை.

வெளியே டங்கென்று ஒரு சத்தம். கதவின் கொண்டி தானாக வளையத்தில் விழுந்திருந்தது.

தள்ளினேன். தோளால் இடித்தேன். அவள் குடையால் குத்தினாள். இரும்புக் கதவு எங்கள் இருவரையும் பொருட்படுத்தவில்லை.

"யாராவது வருவாங்க இல்ல?"

"வருவாங்க," என்றேன். யாரும் வரமாட்டார்கள் என்பதற்காகத்தான் நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

தண்ணீர் முதலில் என் இடது செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது. தரையோடு ஒட்டிய மதகுப் பலகை அடியில் உளுத்திருந்தது; அந்த ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. வழக்கமாகத் தரை நனையும், அதற்குள் நான் கிளம்பிவிடுவேன். அன்று நனைந்த தரை கொஞ்ச நேரத்தில் கணுக்காலானது. கணுக்கால் முழங்காலானது. கதவிடுக்கில் கொஞ்சம் வெளியே கசிந்தது. உள்ளே வந்தது அதைவிட அதிகம்.

"ஏங்க, இந்தச் சுவத்துல பச்சையா ஒரு கோடு ஓடுதே, என்னங்க அது?"

நாலு சுவரையும் சுற்றி ஒரே மட்டத்தில் ஓடிய அந்தக் கோட்டை நான் நெடுநாளாகப் பார்த்துவந்தேன். யாரோ ரசனையோடு வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் கை வைத்துப் பார்த்தேன். பாசி. அது என் தலைக்கு மேலே இருந்தது. அவள் என்னைவிட ஒரு சாண் குட்டை.

அவள் கையும் பாசியைத் தொட்டுப் பார்த்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவள் என்னைத் திட்டவே இல்லை.

அவளுக்கு நீந்தத் தெரியாது. எனக்குத் தெரியும், கூரை போட்ட அறைக்குள் நீந்தி எங்கே போவது? சன்னலில் வாயை வைத்து இருவரும் கத்தினோம். கடல் எங்களைவிடப் பெரிய தொண்டைக்காரன். ஒரு நண்டு மட்டும் கம்பியில் ஏறி நின்று நாங்கள் கத்துவதைக் கடைசிவரை கேட்டுவிட்டு இறங்கிப் போனது.

சன்னல் மேடையில் வைத்திருந்த வானொலி பாடிக்கொண்டே இருந்தது. கொரியாவில் யாரோ சிரித்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஆட்டு விலை வாசித்தார்கள். இத்தனை தேசமும் எங்கள் காதுக்குள் இருந்தது. எங்கள் குரல் கரை மேலே ஏறவில்லை.

"எங்க அண்ணன் இப்ப என்ன பண்ணிட்டிருப்பான்?" என்றாள் அவள். தொடை வரைக்கும் தண்ணீர். குளிரில் பல் தந்தியடித்தது.

"ஹெட்போனை மாட்டிட்டு அந்தத் தீவுக்காகக் காத்திட்டிருப்பார்."

"அந்த நேரத்துல வீடு பத்தி எரிஞ்சாலும் எழுந்திருக்க மாட்டான். அண்ணி தலையில அடிச்சுக்கிறா. காதுல இரைச்சல் வந்தா மட்டும்தான் சாமி வந்தவன் மாதிரி கிளம்புவான்."

உண்மைதான். இரைச்சல் வந்தால் விசில் சின்ன வானொலி ஒன்றைக் கையில் பிடித்து, அது எங்கே அதிகம் கத்துகிறதென்று மோப்பம் பிடித்தபடி தெருத்தெருவாகப் போவார். அப்படிப் போய் ஒரு தையற்கடையில் பாதி தைத்த சட்டையோடு இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார். பல் மருத்துவர் ஒருவரின் துளைப்பான் இணைப்பையும் பிடுங்கியிருக்கிறார். வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளி எழுந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

அவள் என்னையே பார்த்தாள். "இரைச்சல் பண்ணுங்க."

"என்னது?"

"கொறட்டையைத் தவிர வேற இரைச்சல் பண்ணத் தெரியாதா உங்களுக்கு? அவன் காதுல போய் விழுற மாதிரி பண்ணுங்க!"

பிழை திருத்துகிறவன் மூளைக்கு இது எட்டவில்லை, அவளுக்கு எட்டியது. பேட்டரியின் ஒரு முனையைத் திருகுத் தண்டில் கட்டினேன். மறுமுனையை, கையோடு கொண்டுவந்திருந்த செப்புச் சுருள் வழியாக ஒரு கம்பியில் முடிந்து, கடல் பக்கம் போகும் நீளக் கம்பியையும் அதோடு சேர்த்தேன். கம்பி நுனியைத் தண்டின் மரைகள் மேல் இழுத்தால் ஒவ்வொரு மரைக்கும் ஒரு பொறி. ஒவ்வொரு பொறியும் வானொலியில் விழும் ஒரு சவுக்கடி. ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். கொரியா செத்தது.

"இப்பவே தேய்ங்க."

"இரு. கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ச்சா, இடி இடிக்குதுன்னு நினைச்சு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பொறுக்க முடியாத நேரத்துல அடிக்கணும்."

பொறுக்க முடியாத நேரம் எது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுவேதான். டயலைத் தீவுக்குத் திருப்பினேன். ஒன்றுமில்லை. இரைச்சல் மட்டும். இடுப்பில் தண்ணீர் ஏறியது. அவள் பேட்டரியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். ஒன்றுமில்லை. சன்னலில் வானம் சிவந்து, சாம்பலாகிக்கொண்டிருந்தது. பிறகு, நீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஒரு கிடார். ஒரு கூட்டம் பாடியது. அது வளர்ந்தது. என் வாழ்நாளில் அது அப்படி வந்ததில்லை. பக்கத்து அறையில் பாடுவதுபோல் வந்தது. பாட்டு முடிந்தது. ஓர் ஆண் குரல் மூச்சை இழுத்தது.

பெயர் சொல்லப் போகிறான்.

சத்தியமாகச் சொல்கிறேன், நெஞ்சுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் ஒரு கணம் எனக்கு மறந்துபோனது.

"என்னங்க வேடிக்கை? தேய்ங்க!"

தேய்த்தேன். தீவு, பெயர், ஆண் குரல், எல்லாம் பொறியில் கருகின. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, தண்டைக் கடித்துக் குதறுவதுபோல் தேய்த்தேன். அறை முழுக்க நீல வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. ஒவ்வொரு மின்னலிலும் அவள் முகம் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் அந்த முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. பேட்டரி இப்போது அவள் தலையில். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கால் விரலில் எக்கி நின்றாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே கரையில் காலடி. கூடவே கரகரவென்று ஒரு சின்ன வானொலி, என் கை போகும் தாளத்தில் இரைந்துகொண்டே வந்தது.

"மச்சான்!" என்று கத்தினேன். கத்தியதில் கை நின்றது. மேலே அந்தக் கரகரப்பும் நின்றது. காலடியும் நின்றது.

"கத்தாதீங்க!" என்றாள். "கத்தினா அவனுக்குக் கேக்காது. தேய்ச்சாத்தான் கேக்கும்!"

மறுபடி தேய்த்தேன். மறுபடி கரகரப்பு. காலடி கிளம்பியது. எங்கள் தலைக்கு மேலே வந்தது. தாண்டிப் போனது.

அந்தச் சின்ன வானொலியை வைத்து இரைச்சல் எந்தத் திசைக் கோட்டில் இருக்கிறதென்று கண்டுபிடிக்கலாம். கோட்டின் எந்த முனையில் என்பதை அது சொல்லாது. அந்தப் பக்கத்து முனையில் ஐஸ் தொழிற்சாலையின் மோட்டார் கொட்டகை இருந்தது. சந்தேகப்பட அதைவிட நல்ல இடம் வேண்டுமா? அவர் அங்கே போய்க்கொண்டிருந்தார்.

"போறானே," என்றாள். குரலே இல்லை, காற்றுதான். "ஏங்க, அண்ணன் போறானே."

செப்பு நுனி தேய்ந்து தேய்ந்து என் நகத்தருகே வந்துவிட்டது. பொறி மஞ்சளாகி இளைத்தது. அலை ஒன்று உள்ளே வந்து வானொலியைச் சன்னல் மேடையிலிருந்து எடுத்துக்கொண்டது. நான் ஒரு கையால் அவளை இடுப்பைப் பிடித்து உயர்த்தினேன், ஒரு கையால் தேய்த்தேன். அவள் தலைக்கும் கூரைக்கும் நடுவே பேட்டரி முட்டியது. அவள் வாயை மூடி மூக்கால் மூச்சுவிட்டாள். ஐஸ் தொழிற்சாலையில் என்ன செய்கிறார் இந்த மனுஷன்? யாரோடு சண்டை போடுகிறார்? சாகும் நேரத்தில்கூட மனிதன் மச்சானைத் திட்டத்தான் செய்வான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

இரும்புக் கதவில் ஓர் உதை விழுந்தது.

"எவன்யா உள்ள? அடுத்தவன் காதுல ஆணி அடிக்கிறவன்? வாய்யா வெளிய!"

"அண்ணே!"

வெளியே சட்டென்று அமைதி.

"தங்கச்சியா? நீ எதுக்கும்மா இங்க நின்னு பொறி பறக்க விட்டுட்டிருக்கே?"

"கொண்டியத் தூக்குண்ணே! தண்ணி!"

"மாப்ளையும் உள்ளயா?"

"இருக்காரு!"

அடுத்து வந்த அமைதி இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்ததாக எனக்குப் பட்டது. அவர் அப்படியில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறார். கதவை உள்ளிருந்து தண்ணீர் தள்ளியதால் கொண்டி இறுகிக் கிடந்தது. கல்லால் அடித்தார். அடித்தார். அவர் அழுகிற சத்தம் கல் சத்தத்தோடு சேர்ந்து கேட்டது. பிறகு கதவு பீரங்கிபோல் வெடித்துத் திறந்தது. கழிமுகம் முழுவதும் அந்தப் படிகளில் ஏறி விசிலை வாரிக்கொண்டு போய்க் கரையோரம் போட்டது. அவர் மேல் அவள், அவள் மேல் நான்.

கரைமேல் உட்கார்ந்தோம். இருமினோம். கீழே அறை மறுபடி நிறைந்துகொண்டிருந்தது.

"பேர் சொல்ல வாயத் திறந்தான் மாப்ள," என்றார் விசில், முகத்தில் சேற்றோடு. "வாயத் திறந்துட்டான். அந்த நேரம் பாத்து..."

சொல்லிக்கொண்டே திரும்பிப் படிகளுக்குக் கீழே பார்த்தார். நிலா வெளிச்சத்தில், திறந்த கதவுக்குள் தண்ணீர் பச்சைக் கோட்டைத் தொட்டு நின்றது. அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. பிறகு, "ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் உள்ள விடல," என்றார். "விட்டிருந்தா நான் ஒவ்வொரு மோட்டாரா நிறுத்திப் பார்த்திட்டிருந்திருப்பேன்."



என் மனைவி இன்னும் பேட்டரியைத் தலையில் பிடித்திருந்தாள். "குடும்மா, இறக்கி வைக்கலாம்," என்று விசில் கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். நான் கேட்டபோது என்னையும் ஒருமுறை பார்த்தாள், கொடுக்கவில்லை. அப்படியே எழுந்து எங்களுக்கு முன்னால் நடந்தாள், எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட. நான் பின்னால் போனேன். என் வலது கை ஆகாயத்தில் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே வந்தது. பிடித்து நிறுத்தினால் இடது கை தொடங்கியது.